சின்னக் கடைக்கும் சுலப வரி உண்டு

(வளர்கல்வி வட்டக் கூட்டத்தில் பேசிய பேச்சு)

 

இன்றைய பேச்சு வரியைப் பற்றியது. வரி என்றதும் பலருக்கும் பயம் வருகிறது. "அது பெரிய முதலாளிகள் சமாச்சாரம்" என்று சிலர் சொல்கிறார்கள். "ஆடிட்டர் பார்த்துக்கொள்வார்" என்று சிலர் சொல்கிறார்கள். ஆனால் எழுதப் படிக்கத் தெரிந்தவருக்கு, கூட்டல் கழித்தல் தெரிந்தவருக்கு, இது விளங்காத விஷயம் இல்லை. கொஞ்சம் பொறுமையாகக் கேட்டால் போதும்.

பெங்களூரில் நடந்தது என்ன?

2025 ஜூலை மாதம். பெங்களூரிலும் கர்நாடகத்தின் மற்ற ஊர்களிலும் சிறு கடைக்காரர்கள் கலங்கிப் போனார்கள். பேக்கரி, டீக்கடை, பெட்டிக்கடை, காய்கறிக் கடை வைத்திருந்தவர்களுக்கு வணிக வரித் துறையிலிருந்து நோட்டீஸ் வந்தது. சில நோட்டீசில் லட்சக் கணக்கில் வரி கேட்டிருந்தது.

துறைக்குக் கணக்கு எப்படித் தெரிந்தது? கடையில் ஒட்டியிருக்கும் யூபிஐ அட்டையால் தெரிந்தது. செல்பேசியைக் காட்டி மக்கள் பணம் கட்டுகிறார்கள் அல்லவா? அந்தக் கணக்கைத் துறை வாங்கிப் பார்த்தது. 2021-22 முதல் 2024-25 வரை நான்கு ஆண்டுக் கணக்கு. வரம்புக்கு மேல் பணம் வந்தும் பதிவு செய்யாதவர்களுக்கு நோட்டீஸ் போனது.

கடைக்காரர்கள் பயந்து போனார்கள். பலர் அட்டையைக் கிழித்தார்கள். "யூபிஐ இல்லை, ரொக்கம் மட்டும்" என்று எழுதி மாட்டினார்கள். ஜூலை 25 அன்று கடையடைப்பு என்று சங்கங்கள் அறிவித்தன.

ஜூலை 23 அன்று முதலமைச்சர் சித்தராமையா வணிகர்களை அழைத்துப் பேசினார். "பழைய பாக்கியை வசூலிக்க மாட்டோம். ஆனால் வரம்பைத் தாண்டியவர்கள் இனிப் பதிவு செய்ய வேண்டும்" என்ற முடிவை அறிவித்தார். பால், காய்கறி, பழம் போன்ற வரி இல்லாத பொருளை விற்றவர்களிடம் வரி கேட்க மாட்டோம் என்றும் சொன்னார். கடையடைப்பு நின்றது.

இதில் ஒரு பெரிய பாடம் இருக்கிறது. நோட்டீஸ் வந்தவர்களில் பலருக்குச் சட்டத்திலேயே ஒரு சுலப வழி திறந்திருந்தது. நூற்றுக்கு ஒரு ரூபாய் கட்டினால் போதும் என்ற வழி அது. அதை யாரும் அவர்களுக்குப் புரியும்படி சொல்லவில்லை. அவர்களும் கேட்கவில்லை. இன்று அதைத்தான் தெரிந்துகொள்ளப் போகிறீர்கள்.

இரண்டு வரிகள்

கடைக்காரருக்கு முக்கியமான வரிகள் இரண்டு.

ஒன்று, ஜிஎஸ்டி. சரக்கு மற்றும் சேவை வரி. இது 2017 ஜூலை 1 அன்று நாடு முழுவதும் வந்தது. இது விற்பனை மேல் போடும் வரி.

இரண்டாவது, வருமான வரி. இது லாபத்தின் மேல் போடும் வரி.

இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. விற்பனை வேறு. லாபம் வேறு.

ஜிஎஸ்டி கட்டாதவர் யாருமே இல்லை. ஒரு குளியல் சோப்பு வாங்கினால் அதன் விலையிலேயே வரி இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் சோப்புக்கு 5 சதவீதம். கூலி வேலை செய்பவரும் அதைக் கட்டுகிறார். கடைக்காரர் அதை வாங்கி அரசுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறார். அவ்வளவுதான் அவர் வேலை.

விற்றுமுதல் என்றால் என்ன?

ஒரு கடையில் ஏப்ரல் 1 முதல் மறு வருடம் மார்ச் 31 வரை நடந்த மொத்த விற்பனைக்கு விற்றுமுதல் என்று பெயர். இது லாபம் அல்ல. பத்து ரூபாய்ப் பொருளை விற்று ஒரு ரூபாய் மிஞ்சினால், விற்றுமுதல் பத்து ரூபாய். லாபம் ஒரு ரூபாய்.

ரொக்கமாக வந்ததும் விற்றுமுதல்தான். யூபிஐயில் வந்ததும் விற்றுமுதல்தான். கடனாகக் கொடுத்த சரக்கும் விற்றுமுதல்தான்.

ஒரே ஆளுக்கு இரண்டு கடை இருந்தால் இரண்டின் விற்பனையையும் கூட்ட வேண்டும். பான் அட்டை ஒன்று என்றால் கணக்கும் ஒன்று.

வரம்பு எவ்வளவு?

எல்லாக் கடையும் ஜிஎஸ்டியில் பதிவு செய்ய வேண்டியதில்லை. வரம்பு இருக்கிறது.

சரக்கு மட்டும் விற்கும் கடைக்கு வருட வரம்பு 40 லட்சம் ரூபாய். 2019 ஏப்ரல் 1 முதல் இந்த வரம்பு. கர்நாடகம், தமிழ்நாடு, மகாராஷ்டிரம் ஆகிய இடங்களில் இதுதான். தெலங்கானா, புதுச்சேரி போன்ற சில இடங்களில் 20 லட்சம். மலை மாநிலங்கள் சிலவற்றில் இன்னும் குறைவு.

சேவை செய்யும் தொழிலுக்கு வரம்பு 20 லட்சம் ரூபாய். பழுது பார்ப்பது சேவை. உணவு சமைத்துப் பரிமாறும் ஓட்டலும் மெஸ்ஸும் சேவைக் கணக்கில் வரும். இதை நன்றாக நினைவில் வையுங்கள். பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். "40 லட்சம் வரை கவலை இல்லை" என்று மெஸ்காரர் நினைத்துக்கொள்கிறார். அவருக்கு 20 லட்சம்தான்.

லட்சத்தில் சொன்னால் மனதில் நிற்காது. நாள் கணக்கில் பார்ப்போம். வருடத்துக்கு 365 நாள். 40 லட்சத்தை 365 ஆல் வகுத்தால் ஏறத்தாழ 10,960 ரூபாய். 20 லட்சத்தை வகுத்தால் ஏறத்தாழ 5,480 ரூபாய். ஒரு மளிகைக் கடையில் தினமும் 10,960 ரூபாய்க்கு மேல் விற்றால் வரம்பு தாண்டும். ஒரு மெஸ்ஸில் தினமும் 5,480 ரூபாய்க்கு மேல் விற்றால் வரம்பு தாண்டும்.

வரம்பைத் தாண்டிய நாளிலிருந்து 30 நாளுக்குள் பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

யாருக்கு வரி இல்லை?

சில பொருளுக்கு ஜிஎஸ்டியே கிடையாது. பச்சைக் காய்கறி, பழம், கறந்த பால், உப்பு, பூக்கடைப் பூ ஆகியவை அப்படிப்பட்டவை. இவற்றை மட்டும் விற்பவர் எவ்வளவு விற்றாலும் ஜிஎஸ்டியில் பதிவு செய்ய வேண்டாம். பெங்களூரில் காய்கறிக்காரர்களுக்கு வந்த நோட்டீஸ் இதனால்தான் நிற்கவில்லை.

ஆனால் ஒரு எச்சரிக்கை. காய்கறிக்கடையிலேயே சோப்பு, பிஸ்கட், குளிர்பானம் என்று விற்றால் கதை மாறும். அப்போது வரம்பு பார்க்கும்போது காய்கறி விற்பனையையும் சேர்த்துக் கூட்ட வேண்டும். கூட்டுத்தொகை வரம்பைத் தாண்டினால் பதிவு வேண்டும். வரி மட்டும் சோப்புக்கும் பிஸ்கட்டுக்கும்தான். காய்கறிக்கு இல்லை.

பொது வழியும் சுலப வழியும்

பதிவு செய்த கடைக்காரருக்கு இரண்டு வழி உண்டு.

முதல் வழி, பொது வழி. வாங்கும்போது வரி கொடுக்கிறார். விற்கும்போது வரி வாங்குகிறார். வாங்கிய வரியிலிருந்து கொடுத்த வரியைக் கழித்து, மீதியை அரசுக்குக் கட்டுகிறார். மாதந்தோறும் வரி கட்ட வேண்டும். வாங்கிய பில், விற்ற பில் எல்லாம் கணக்கில் வர வேண்டும்.

இரண்டாவது வழி, சுலப வழி. இதற்குக் காம்போசிஷன் திட்டம் என்று பெயர். இதில் கழித்தல் கணக்கு இல்லை. மொத்த விற்பனையில் ஒரு சிறு பங்கை மூன்று மாதத்துக்கு ஒரு முறை கட்டினால் போதும்.

போன வருட விற்றுமுதல் 1 கோடியே 50 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் இதில் சேரலாம். மலை மாநிலங்கள் சிலவற்றில் 75 லட்சம்.

எவ்வளவு கட்ட வேண்டும்?

சரக்கு வாங்கி விற்கும் கடைக்கு 100 ரூபாய்க்கு 1 ரூபாய்.
சிறு பட்டறை, சிறு ஆலை வைத்துப் பொருள் செய்பவருக்கும் 100 ரூபாய்க்கு 1 ரூபாய்.
மது விற்காத ஓட்டலுக்கு 100 ரூபாய்க்கு 5 ரூபாய்.
மற்ற சேவைத் தொழிலுக்கு 100 ரூபாய்க்கு 6 ரூபாய். இவர்களுக்கு விற்றுமுதல் 50 லட்சத்துக்குள் இருக்க வேண்டும்.

ஒரு ஹார்டுவேர் கடையின் கணக்கு

ஒரு ஹார்டுவேர் கடையை எடுத்துக்கொள்வோம். பெயிண்ட், குழாய், பூட்டு விற்கிறார்கள். இவற்றுக்கு வரி 18 சதவீதம்.

கடைக்காரர் வருடத்தில் 40 லட்சத்துக்குச் சரக்கு வாங்குகிறார். அதன் மேல் வரி 7 லட்சத்து 20 ஆயிரம். ஆக அவர் கையிலிருந்து போனது 47 லட்சத்து 20 ஆயிரம்.

பொது வழியில் அவர் 50 லட்சத்துக்கு விற்கிறார். மேலே 9 லட்சம் வரி வாங்குகிறார். வாடிக்கையாளர் கொடுத்தது 59 லட்சம். 9 லட்சத்தில் 7 லட்சத்து 20 ஆயிரத்தைக் கழித்து, 1 லட்சத்து 80 ஆயிரத்தை அரசுக்குக் கட்டுகிறார். அவரிடம் மிஞ்சுவது 10 லட்சம். வாடகை, கூலி, மின்சாரம் எல்லாம் இதிலிருந்து போக வேண்டும்.

சுலப வழியில் என்ன ஆகும்? அதே சரக்கை அதே 59 லட்சத்துக்கு விற்கிறார். தனியாக வரி கேட்கவில்லை. 59 லட்சத்துக்கு ஒரு சதவீதம், அதாவது 59 ஆயிரம் கட்டுகிறார். 59 லட்சத்தில் 47 லட்சத்து 20 ஆயிரமும் 59 ஆயிரமும் போனால் மீதி 11 லட்சத்து 21 ஆயிரம். முன்னதைவிட 1 லட்சத்து 21 ஆயிரம் அதிகம். எழுத்து வேலையும் குறைவு. வேண்டுமானால் விலையைக் கொஞ்சம் குறைத்து விற்று, வாடிக்கையாளரைக் கூட்டிக்கொள்ளலாம்.

சுலப வழிக்கும் நிபந்தனை உண்டு

சும்மா யாரும் சலுகை தர மாட்டார்கள். நிபந்தனைகளைக் கேளுங்கள்.

முதலாவது, வாடிக்கையாளரிடம் வரி என்று தனியாக ஒரு பைசா வாங்கக் கூடாது. பில்லில் ஜிஎஸ்டி என்று எழுதக் கூடாது. இந்த பில்லுக்கு வரி பில் என்று பெயர் இல்லை. வெறும் விற்பனை பில்தான். காம்போசிஷன் கடை, வரி வசூலிக்க உரிமை இல்லை என்று அதன் மேலே இருக்க வேண்டும்.

இரண்டாவது, கடையில் எல்லோர் கண்ணிலும் படும்படி, காம்போசிஷன் திட்டத்தில் உள்ள கடை என்று பலகை வைக்க வேண்டும்.

மூன்றாவது, சரக்கு வாங்கும்போது கொடுத்த வரியைக் கழித்துக்கொள்ள முடியாது.

நான்காவது, வேறு மாநிலத்துக்குச் சரக்கு விற்கக் கூடாது. அத்திப்பள்ளிக் கடைக்காரர் ஓசூர்க் கடைக்குச் சரக்கு அனுப்ப முடியாது. நடுவில் மாநில எல்லை இருக்கிறது. ஆனால் ஓசூரிலிருந்து வாங்கி வரலாம். வாங்கத் தடை இல்லை. விற்கத்தான் தடை.

ஐந்தாவது, சில பொருளைத் தயாரிப்பவர்கள் சேர முடியாது. ஐஸ்கிரீம், பான் மசாலா, புகையிலை, சோடா வகைக் குளிர்பானம் தயாரிப்பவர்கள் அவர்கள்.

ஆறாவது, நடு வருடத்தில் விற்பனை ஒன்றரைக் கோடியைத் தாண்டினால் அந்த நாளோடு சுலப வழி முடிந்தது. 7 நாளுக்குள் துறைக்குச் சொல்லிவிட்டுப் பொது வழிக்கு மாற வேண்டும்.

பணம் கட்டும் நாள்களையும் எழுதிக்கொள்ளுங்கள். ஜூலை 18, அக்டோபர் 18, ஜனவரி 18, ஏப்ரல் 18. இந்த நான்கு நாளுக்குள் முந்தைய மூன்று மாத வரியைக் கட்ட வேண்டும். அந்தப் படிவத்துக்கு சிஎம்பி-08 என்று பெயர். வருடம் முடிந்த பிறகு ஜூன் 30க்குள் ஒரே ஒரு ஆண்டுக் கணக்கு. அதற்கு ஜிஎஸ்டிஆர்-4 என்று பெயர். நாள் தவறினால் வருடத்துக்கு 18 சதவீதம் வட்டி ஏறும்.

புதிதாகப் பதிவு செய்யும்போதே இந்த வழியைக் கேட்டு வாங்கலாம். முன்பே பொது வழியில் இருப்பவர், அடுத்த ஏப்ரலில் மாற நினைத்தால் மார்ச் 31க்குள் விண்ணப்பிக்க வேண்டும்.

எல்லோருக்கும் இது லாபமா?

இல்லை. இதைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். செருப்பு எல்லோருக்கும் ஒரே அளவில் பொருந்தாது.

பிஸ்கட் மொத்த வியாபாரி ஒருவரைப் பாருங்கள். பிஸ்கட்டுக்கு வரி 5 சதவீதம். அவர் ஒரு கோடிக்கு வாங்குகிறார். வரி 5 லட்சம். ஒரு கோடியே 2 லட்சத்துக்கு விற்கிறார். வரி 5 லட்சத்து 10 ஆயிரம். பொது வழியில் அவர் கட்டுவது வெறும் 10 ஆயிரம். மிஞ்சுவது 2 லட்சம்.

சுலப வழிக்கு வந்தால்? மொத்தம் ஒரு கோடியே 7 லட்சத்து 10 ஆயிரத்துக்கு ஒரு சதவீதம். அதாவது 1 லட்சத்து 7 ஆயிரத்து 100 ரூபாய். மிஞ்சுவது 1 லட்சத்து 2 ஆயிரத்து 900 தான். பாதி லாபம் போய்விடும். விற்பனை அதிகம், லாபம் மெல்லிசு என்றால் சுலப வழி நஷ்டம்.

யாருக்கு விற்கிறீர்கள் என்பதையும் பாருங்கள். ஹார்டுவேர் கடைக்கு வருபவர்கள் வீட்டுக்காரர்கள் என்றால் சரி. ஜிஎஸ்டி எண் வைத்திருக்கும் காண்டிராக்டர்கள் வந்தால் அவர்கள் வரி பில் கேட்பார்கள். அந்த பில்லை வைத்துத்தான் அவர்கள் வரியைக் கழிப்பார்கள். சுலப வழிக் கடைக்காரரால் அதைத் தர முடியாது. காண்டிராக்டர் அடுத்த கடைக்குப் போய்விடுவார்.

ஓட்டல்காரரும் யோசிக்க வேண்டும். சாதாரண ஓட்டலுக்குப் பொது வழியிலும் 5 சதவீதம்தான். அதை வாடிக்கையாளரிடம் வாங்கிக் கட்டலாம். சுலப வழியிலும் 5 சதவீதம்தான். ஆனால் கைக்காசிலிருந்து கட்ட வேண்டும். ஒரு மெஸ்ஸில் நாளுக்கு 8,000 ரூபாய் விற்பனை. வருடத்தில் 360 நாள் என்றால் 28 லட்சத்து 80 ஆயிரம். அதற்கு வரி 1 லட்சத்து 44 ஆயிரம். மூன்று மாதத்துக்கு 36 ஆயிரம். ஓட்டல்காரருக்கு இதில் கிடைக்கும் லாபம் எழுத்து வேலை குறைவு என்பதுதான். இட்லி விலை போடும்போதே இந்தப் பணத்தை மனதில் வைத்துப் போட வேண்டும்.

செல்பேசி பழுது பார்ப்பவருக்குப் பொது வழியில் 18 சதவீதம். சுலப வழியில் 6 சதவீதம். உழைப்பே அதிகம், வாங்கும் சாமான் குறைவு என்றால் அவருக்குச் சுலப வழி நல்லது.

எந்த வழியானாலும் முதலில் தாளில் கணக்குப் போட்டுப் பாருங்கள். பிறகு முடிவு எடுங்கள்.

அட்டையைக் கழற்றினால் போதுமா?

ஒரு தெருவில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கடை என்று வைத்துக்கொள்வோம். ஒன்று பேன்சி கடை, ஓர் அக்கா நடத்துவது. மற்றது நோட்டுப் புத்தகக் கடை, ஒரு தம்பி நடத்துவது. அவர்கள் இப்படிப் பேசிக்கொள்ளக் கூடும்.

"ஏன் தம்பி, கல்லா மேல ஒட்டியிருந்த அட்டையைக் காணோம்?"

"எடுத்துட்டேன் அக்கா. அதுல பணம் வாங்கினா நோட்டீஸ் வருதாமே!"

"சரி. நேத்து எத்தனை பேர் காசு இல்லைன்னு திரும்பிப் போனாங்க?"

"ஏழெட்டுப் பேர் போயிட்டாங்க அக்கா."

"அந்த வியாபாரம் போச்சு. காசா வாங்கினாலும் அது விற்பனைதானே தம்பி? அட்டையை எடுத்தா விற்பனை இல்லைன்னு ஆயிடுமா?"

"ஆகாதுதான்."

"நாளைக்கு எவ்வளவு விற்கிறே?"

"ஆறாயிரம். பள்ளிக்கூடம் திறக்கும்போது கொஞ்சம் கூட வரும். ஏழாயிரம்னே வச்சுக்குங்க."

"ஏழாயிரத்தை 365 ஆல பெருக்கு. 25 லட்சத்து 55 ஆயிரம். நீ சரக்கு மட்டும் விற்கிறே. உனக்கு வரம்பு 40 லட்சம். நீ கோட்டுக்கு இந்தப் பக்கம்தான் நிக்கிறே."

"அப்போ நான் எதுக்கு அக்கா பயந்தேன்?"

"கணக்கு எழுதலை. அதனால பயந்தே."

அந்த அக்கா சொன்னது சரி. இருட்டில் கயிறு பாம்பாகத் தெரியும். விளக்கைக் கொண்டுவந்தால் கயிறு கயிறுதான். கடைக்காரருக்குக் கணக்கு நோட்டுதான் விளக்கு.

வருமான வரியிலும் சுலப வழி

இப்போது இரண்டாவது வரிக்கு வருவோம். வருமான வரி லாபத்தின் மேல்தான். ஆனால் சின்னக் கடைக்காரரால் லாபத்தைத் துல்லியமாகக் காட்ட முடிவதில்லை. அதனால் அரசு ஒரு மதிப்புப் போட்டிருக்கிறது.

இந்த எண்ணம் புதிதல்ல. 1992ஆம் ஆண்டு சின்ன வியாபாரிகளுக்கு ஒரு திட்டம் வந்தது. 5 லட்சம் வரை விற்பவர் வருடத்துக்கு 1,400 ரூபாய் கட்டினால் போதும் என்றார்கள். அது பிறகு நின்றுவிட்டது. ஆனால் மதிப்புப் போட்டு வரி வாங்கும் முறை வேறு வடிவில் தொடர்கிறது.

இன்றைய முறை இது. விற்றுமுதல் 2 கோடிக்குள் இருந்தால் சேரலாம். ரொக்கமாக வந்த விற்பனையில் 100க்கு 8 ரூபாய் லாபம் என்று எடுத்துக்கொள்வார்கள். வங்கி வழியாகவோ யூபிஐ வழியாகவோ வந்த விற்பனையில் 100க்கு 6 ரூபாய் லாபம் என்று எடுத்துக்கொள்வார்கள். அதற்கு மேல் லாபம் வந்திருந்தால் அதைக் காட்ட வேண்டும். பெரிய கணக்குப் புத்தகங்களை வைக்கச் சொல்லிக் கேட்க மாட்டார்கள். 1961ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்த இந்த வழி, 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டத்திலும் இருக்கிறது.

ஒரு கடையில் 36 லட்சம் விற்பனை. முழுவதும் ரொக்கம் என்றால் 8 சதவீதம், 2 லட்சத்து 88 ஆயிரம் லாபம். முழுவதும் யூபிஐ என்றால் 6 சதவீதம், 2 லட்சத்து 16 ஆயிரம் லாபம். பார்த்தீர்களா? யூபிஐயில் வாங்கியவருக்குச் சட்டம் குறைந்த லாபம் போடுகிறது. அட்டையைக் கிழித்தவர் தன் சலுகையையே கிழித்துவிட்டார்.

2025-26ஆம் ஆண்டில், புதிய முறையில், 4 லட்சம் வரை வருமானத்துக்கு வரியே கிடையாது. கழிவு கணக்கில் சேர்த்தால் 12 லட்சம் வரை வருமானம் உள்ள தனி ஆளுக்கு வரி இல்லை. ஆனால் 4 லட்சத்தைத் தாண்டியவர் கணக்குத் தாக்கல் செய்தால்தான் அந்தக் கழிவு கிடைக்கும்.

வரி வராவிட்டாலும் கணக்குத் தாக்கல் செய்வது நல்லது. வங்கியில் கடன் கேட்கும்போது அந்தத் தாள் கை கொடுக்கும். கந்துவட்டிக்காரரிடம் போகாமல் காப்பாற்றும்.

ஒன்று கவனம். கமிஷன் ஏஜெண்டு, தரகர் ஆகியோருக்கு இந்த வழி கிடையாது. இதில் சேர்ந்தவர் ஐந்து வருடம் தொடர வேண்டும். நடுவில் விட்டால் பிறகு ஐந்து வருடம் திரும்பி வர முடியாது.

ஒரு நோட்டு போதும்

கடை அடைக்கும் முன் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். ஒரு நோட்டில் கோடு போட்டு இப்படி எழுதுங்கள்.

தேதி.
ரொக்க விற்பனை 2,300.
யூபிஐ விற்பனை 4,200.
இரண்டும் சேர்ந்து 6,500.
சரக்கு வாங்கியது 3,800.
கடைச் செலவு 350.

கடைசியில் ஒரு வரி. விற்பனை அல்லாத வரவு. மாமா கைமாற்றாக அனுப்பிய 10,000, சீட்டுப் பணம், மகன் அனுப்பிய பணம், இவையெல்லாம் அதே செல்பேசியில் வருகின்றன. இவை விற்பனை அல்ல. ஆனால் தனியாக எழுதி வைக்காவிட்டால் நாளைக்கு எதை எப்படிச் சொல்வீர்கள்? முடிந்தால் கடைக்கு ஒரு வங்கிக் கணக்கு, வீட்டுக்கு ஒரு வங்கிக் கணக்கு என்று பிரித்துவிடுங்கள்.

மாதம் முடிந்ததும் கூட்டுங்கள். வரம்புக்கு எவ்வளவு தூரம் இருக்கிறது என்று பாருங்கள். சரக்கு வாங்கிய பில்லை ஒரு கம்பியில் குத்தி வையுங்கள். எறியாதீர்கள்.

நோட்டீஸ் வந்தால்

நோட்டீஸ் என்றால் தண்டனை இல்லை. அது ஒரு கேள்வி. கேள்விக்குப் பதில் சொல்லலாம். பதில் சொல்லாமல் இருந்தால்தான் ஆபத்து.

நோட்டீசை முழுக்கப் படியுங்கள். எந்த வருடம், எவ்வளவு தொகை, எந்தத் தேதிக்குள் பதில் என்று பாருங்கள். அந்தத் தேதிக்குள் எழுத்தில் பதில் கொடுங்கள். விற்றது வரி இல்லாத பொருள் என்றால் அதற்கான பில்லைக் காட்டுங்கள். வந்த பணம் விற்பனை அல்ல என்றால் நோட்டைக் காட்டுங்கள். கொடுத்த பதிலின் நகலில் முத்திரையோ ரசீதோ வாங்கி வையுங்கள். வணிகர் சங்கத்தில் கேளுங்கள். வணிக வரி அலுவலகத்தின் உதவி மையத்திலும் கேளுங்கள்.

பதிவு செய்ய அரசு ஒரு ரூபாயும் கட்டணம் வாங்குவதில்லை. ஆடிட்டருக்கோ கணினி மையத்துக்கோ அவர்கள் வேலைக்குக் கூலி தரலாம். "அரசுக் கட்டணம்" என்று யாராவது கேட்டால் ரசீது கேளுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. ஆதார் அட்டை, பான் அட்டை, செல்பேசிக்கு வரும் ரகசிய எண் ஆகியவற்றை யாருக்கும் கொடுக்காதீர்கள். கடன் வாங்கித் தருகிறேன் என்று சொல்லி அட்டை நகலை வாங்கி, ஏழைகள் பெயரில் போலிக் கம்பெனி பதிவு செய்கிறவர்கள் இருக்கிறார்கள். பிறகு கோடிக் கணக்கில் வரி கேட்டு நோட்டீஸ் அந்த ஏழைகள் வீட்டுக்கு வருகிறது. ஒரு கையெழுத்துப் போடுமுன் இரண்டு முறை படியுங்கள்.

இன்றே செய்ய வேண்டியது

வீட்டுக்குப் போனதும் மூன்று கேள்விக்கு விடை எழுதுங்கள்.

என் கடையில் ஒரு நாள் விற்பனை எவ்வளவு? அதை 365 ஆல் பெருக்கினால் எவ்வளவு?

நான் விற்பது சரக்கா, சேவையா? வரி உள்ள பொருளா, இல்லாத பொருளா?

என்னிடம் வாங்குபவர் வீட்டுக்காரரா, ஜிஎஸ்டி எண் உள்ள வியாபாரியா?

இந்த மூன்றுக்கும் விடை தெரிந்தால், எந்த வழி உங்களுக்குப் பொருந்தும் என்பது பாதி தெரிந்துவிடும். மீதியை அடுத்த கூட்டத்தில் நோட்டைக் கொண்டுவந்து எல்லோரும் சேர்ந்து பார்க்கலாம்.

கையெழுத்துப் போடத் தெரிந்துகொண்டது முதல் படி. எதில் கையெழுத்துப் போடுகிறோம் என்று தெரிந்துகொள்வது இரண்டாவது படி. கணக்கு எழுதும் கை கடைக்காரரின் சொந்தக் கையாக இருக்கட்டும்.